மலைமேல் புதைக்கச் சொன்ன பாட்டு: ஓர் இத்தாலியப் பயணக் குறிப்பு

முதல் நாள்: இம்பீரியா

‘பெல்லா சாவ்’ (‘அழகியே, போய் வருகிறேன்’) என்ற இத்தாலியப் போராளிப் பாட்டு, கைதட்டி ஆடுகிற பாட்டாக உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 2017இல் வந்த ஸ்பானியத் தொடர் ஒன்று அதை நம்மூர்க் கல்லூரி விழாக்கள் வரை கொண்டுவந்து சேர்த்தது. வரிகளை நிதானமாகப் படித்தால் அது ஓர் இறுதிச்சடங்குக் கோரிக்கை. காலையில் கண்விழித்தவன் ஆக்கிரமிப்பாளன் வந்திருப்பதைக் காண்கிறான். மலைக்குப் போகும் போராளியிடம் ‘என்னையும் கூட்டிப் போ, சாவு வருவது தெரிகிறது’ என்கிறான். அடுத்துச் சொல்வதெல்லாம் புதைப்பைப் பற்றித்தான்: நான் செத்தால் நீதான் புதைக்க வேண்டும், மலைமேல் புதைக்க வேண்டும், ஒரு பூவின் நிழலில் புதைக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கைக்கு 1943-45 இத்தாலியில் என்ன பொருள் இருந்தது என்பதைத் தேடும் பயணம் இது. அந்தக் ‘காலை’க்கு நாட்காட்டியில் இடம் உண்டு. அதுவரை இத்தாலி ஜெர்மனியின் கூட்டாளி. 1943 செப்டம்பர் 8 அன்று மாலை 7.42க்கு, முசோலினிக்குப் பின் பிரதமரான மார்ஷல் பதோலியோ நேச நாடுகளோடு போர்நிறுத்தத்தை வானொலியில் அறிவித்தார். மன்னரும் தளபதிகளும் மறுநாள் அதிகாலையிலேயே ரோமிலிருந்து தெற்கே கிளம்பிப் போனார்கள். படை முகாம்களுக்குத் தெளிவான கட்டளை எதுவும் வரவில்லை. அன்று விடிந்தபோது பல ஊர்களில் சாலைச் சந்திப்புகளும் ரயில் நிலையங்களும் ஜெர்மன் படையின் கையில் இருந்தன. அடுத்த சில வாரங்களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியச் சிப்பாய்கள் கைதிகளாக ஜெர்மனிக்கும் அதன் ஆக்கிரமிப்புப் பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். தப்பியவர்களில் ஒரு பகுதியினர் மலையேறினார்கள். வடக்கே எதிர்ப்புப் படை தொடங்கியது இப்படித்தான்.

தேடலை வடமேற்குக் கடற்கரை நகரமான இம்பீரியாவில் தொடங்குவதற்குக் காரணம் வேறொரு பாட்டு. போர்க்காலத்தில் மலைகளில் அதிகம் பாடப்பட்டது பெல்லா சாவ் அல்ல, ‘ஃபிஸ்கியா இல் வென்தோ’. ‘காற்று சீறுகிறது, புயல் கொந்தளிக்கிறது, செருப்பு கிழிந்திருக்கிறது, ஆனாலும் நடக்க வேண்டும்’ என்று தொடங்கும் பாட்டு அது. எழுதியவர் இந்த ஊர் மருத்துவர் ஃபெலீச்சே கஷோனே. 1918 மே 2 அன்று, இன்று இம்பீரியாவின் ஒரு பகுதியான போர்த்தோ மௌரித்சியோவில் பிறந்தவர், வாட்டர் போலோ வீரர், பொலோன்யாவில் மருத்துவம் படித்துத் தேறியவர். ஊரின் நீச்சல் குளமும் போர்த்தோ மௌரித்சியோவின் முக்கியத் தெருவும் இன்று அவர் பெயரில் இருக்கின்றன.

வருபவர்களுக்கு: ஜெனோவா-வென்தீமிலியா ரயில் பாதையின் இந்தப் பகுதி 2016 டிசம்பரில் மலைக்குள்ளே இடம் மாற்றப்பட்டது. பழைய வரைபடங்களில் உள்ள ஒனெலியா, போர்த்தோ மௌரித்சியோ நிலையங்கள் இப்போது இயங்கவில்லை. ‘இம்பீரியா’ என்ற ஒரே நிலையத்தில் இறங்கி நகரப் பேருந்து பிடிக்க வேண்டும். காகிதப் பயணச்சீட்டு வைத்திருந்தால் ஏறுவதற்கு முன்பே நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்திவிடுங்கள். மறந்தால் அபராதம்.

இரண்டாம் நாள்: அல்பெங்கா, ஆல்தோ

அல்பெங்காவிலிருந்து உள்நாட்டுச் சாலை சிசானோ ஊரைக் கடந்ததும் இடப்பக்கம் பென்னவைரே பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. ஆல்தோ வரை சுமார் 25 கிலோமீட்டர். நாசீனோவைத் தாண்டினால் லிகூரியா முடிந்து பியமோந்தே மாநிலம் தொடங்கிவிடும். பேருந்து மிகக் குறைவு, ஞாயிற்றுக்கிழமை அதை நம்ப முடியாது. வாடகைக் கார்தான் வழி. சுண்ணாம்புப் பாறை ஏறுகிறவர்கள் ஆண்டு முழுக்க வரும் பள்ளத்தாக்கு என்பதால் தங்க இடம் கிடைக்கும். ஆனால் பெட்ரோலை அல்பெங்காவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சாலை குறுகல், வளைவுக்கு முன் ஒலி எழுப்பாமல் போகக்கூடாது.

கஷோனேயின் குழு 1943 குளிர்காலத்தில் இந்த மலைகளில்தான் இருந்தது. குழுவில் ‘இவான்’ என்று அழைக்கப்பட்ட ஜாக்கொமோ சிபில்லா ரஷ்யப் போர்முனையிலிருந்து திரும்பியவர். மத்வேய் பிளான்தெர் 1938இல் மெட்டமைத்த ‘கத்யூஷா’வை அங்கே கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அந்த மெட்டுக்கு மருத்துவர் புது வரிகள் எழுதினார். பள்ளி ஆசிரியையான தன் தாயிடம் அவற்றைத் திருத்தக் கொடுத்தார். 1943 கிறிஸ்துமஸ் இரவில், பக்கத்துப் பள்ளத்தாக்கில் உள்ள குரென்னா என்ற சிற்றூரில் முதன்முதலாக அதைப் பாடினார்கள். 1944 ஜனவரி 6, மூவரசர் திருநாளன்று, ஆல்தோவில் ஊர்மக்கள் முன்னால் பாடினார்கள்.

இந்த மெட்டு நடப்பதற்கு ஏற்றது. இரண்டு தட்டுத் தாளம். ஒரு தட்டுக்கு ஓர் அடி. ஒவ்வொரு கண்ணியின் இரண்டாம் பாதியும் திரும்ப வருவதால் முன்னால் போகிறவர் பாட, பின்னால் வருகிறவர்கள் பிடித்துக்கொள்ளலாம். மலைப்பாதையில் ஒற்றை வரிசையாகப் போகும் முப்பது பேருக்கு இது பெரிய வசதி. ‘செருப்பு கிழிந்திருக்கிறது’ என்ற வரியை அழகுக்காக எழுதியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பனியில் கிழிந்த காலணியோடு நடந்தால் முதலில் விரல் மரத்துப்போகும், பிறகு கறுக்கும். எழுதியவர் அந்தக் கால்களுக்கு மருந்து போட்டவர்.

பாட்டு அரங்கேறி மூன்று வாரத்தில் அவர் இல்லை. டிசம்பரில் நடந்த மோதலில் பிடிபட்ட தொலியொத்தி என்ற, ஜெர்மனியின் பக்கம் நின்ற இத்தாலியப் பாசிசப் படையாளைச் சுட்டுவிடலாம் என்று தோழர்கள் சொன்னார்கள். கஷோனே மறுத்தார். உயிரைக் காக்கப் படித்தவன் எப்படிக் கொல்லச் சொல்வேன் என்று அவர் கேட்டதாகத் தோழர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். அந்த ஆளுக்கு மருத்துவம் பார்த்தார், போர்வையையும் சிகரெட்டையும் பகிர்ந்துகொண்டார். அவன் தப்பிப்போய், 1944 ஜனவரி 27 அன்று ஜெர்மன், பாசிசப் படைகளை ஆல்தோவுக்கு வழிகாட்டிக் கொண்டுவந்தான். காலில் குண்டடி பட்டுக் கிடந்த கஷோனே, பிடிபட்ட ஒரு தோழரை அடித்துத் தலைவன் யார் என்று கேட்பதைப் பார்த்ததும் ‘நான்தான் தலைவன்’ என்று குரல் கொடுத்தார். அங்கேயே சுட்டார்கள். வயது 25. பிறகு அந்த மலைகளில் உருவான பெரிய படைப்பிரிவு அவர் பெயரையே ஏற்றுக்கொண்டது.

அவர் இறந்த இடம் ஊருக்கு மேலே, ஃபொன்தானே வீடுகள் என்ற பகுதியில் இருக்கிறது, நினைவுக்கல் உண்டு. ஆல்தோ சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஜனவரி மாத நினைவு நாளுக்கு வருபவர்கள் பனிச் சங்கிலியோ குளிர்கால டயரோ இல்லாமல் காரை எடுக்க வேண்டாம்.

மூன்றாம் நாள்: குவால்தியேரி

போ நதிக்கரைச் சமவெளி. பார்மா-சுட்சாரா கிளை ரயிலில் குவால்தியேரி ஒரு சிறு நிலையம். வண்டிகள் ஒன்றுக்கொன்று நீண்ட இடைவெளியில் வருவதால் திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டுதான் ஊருக்குள் நடக்க வேண்டும்.

பெல்லா சாவ் நெல்வயலில் களை பறித்த பெண்களின் பாட்டிலிருந்து பிறந்தது என்ற செய்தி இணையமெங்கும் இருக்கிறது. அதன் வேர் இந்த ஊரில். இங்கே வாழ்ந்த பாடகி ஜொவான்னா தஃபீனி, வெர்செல்லி, நொவாரா நெல்வயல்களில் பருவ வேலைக்குப் போனவர். 1962இல் ஆய்வாளர்கள் ஜான்னி பொசியோவும் ரொபேர்த்தோ லெய்தியும் அவரிடமிருந்து ‘காலையில் எழுந்து வயலுக்குப் போகிறேன்’ என்ற வடிவத்தைப் பதிவு செய்தார்கள். பூச்சி, கொசு, தடியோடு நிற்கும் மேஸ்திரி, குனிந்த முதுகு எல்லாம் அதில் உண்டு. போருக்கு முந்தையது என்று அவர் சொன்னதால், போராளிப் பாட்டின் தாய் இதுவே என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். 1965இல் இதே ஊரைச் சேர்ந்த வாஸ்கோ ஸ்கன்சானி ‘லூனித்தா’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார்: அந்த வரிகளை 1951இல் எழுதியது நான்தான். அப்படியானால் வயல் பாட்டுதான் போராளிப் பாட்டிலிருந்து பிறந்தது, வரிசை தலைகீழ்.

நாட்டுப்பாடலுக்கு வயது கணிக்கும்போது வழக்கமாக நடக்கும் பிசகு இது. மெட்டு, வரிகள், திரும்ப வரும் பல்லவி மூன்றும் தனித்தனி வயது உடையவை. ஒன்றின் வயதை மற்றதற்குக் கொடுத்தால் கதை கோணலாகும். பெல்லா சாவில் ‘சாவ், சாவ், சாவ்’ என்ற இடம், வட இத்தாலியக் குழந்தைகள் எதிரெதிரே நின்று உள்ளங்கை தட்டி ஆடும், பாட்டியைப் பற்றிய ஒரு விளையாட்டுப் பாட்டோடு நெருக்கமானது. பூவும் கல்லறையும் இன்னும் பழைய கதைப்பாடலின் சொத்து. கொஸ்தந்தீனோ நீக்ரா 1888இல் வெளியிட்ட பியமோந்தே நாட்டுப்பாடல் தொகுப்பில் ‘கல்லறைப் பூ’ என்று ஒன்று இருக்கிறது. காதலுக்காக இறந்த பெண்ணின் கல்லறையில் பூ மலர்கிறது. வழிப்போக்கர்கள் அதன் மணத்தைப் புகழ்கிறார்கள். போராளிப் பாட்டில் காதல் இருந்த இடத்துக்குச் சுதந்திரம் வந்தது. பூவும் வழிப்போக்கர்களும் அப்படியே நின்றார்கள்.

போராளிப் பாட்டில் அழுத்தம் பெறுவது ‘நீ என்னைப் புதைக்க வேண்டும்’ என்பது. அதன் காரணம் மலையிலும் நகரச் சதுக்கத்திலும் கிடைக்கிறது.

நான்காம் நாள்: மோன்தேஃபியொரீனோ

மோதெனாவிலிருந்து சஸ்ஸுவோலோ வழியாக அப்பென்னைன் மலைக்குள் ஏறும் சாலை. ஊர் நடுவே உள்ள இடைக்காலக் கோட்டைக்குள் போராளிக் குடியரசின் அருங்காட்சியகம். திறக்கும் நாட்கள் பருவத்துக்கு ஏற்ப மாறும், வார நாட்களில் பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிட்டு ஏறுங்கள். மலைப் பேருந்துகள் பள்ளி நாட்களை ஒட்டி ஓடுகின்றன. ஏப்ரல் 25, மே 1 போன்ற விடுமுறைகளில் அட்டவணையே வேறு.

1944 ஜூன் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை இந்தப் பகுதி ஆக்கிரமிப்புக்குள்ளே ஒரு விடுதலைத் தீவாக இருந்தது. ‘அர்மாந்தோ’ என்ற மாரியோ ரிச்சியின் தலைமையில் ஏறத்தாழ 5,000 போராளிகள் குவிந்தார்கள். நேச நாட்டு விமானங்கள் பாராசூட்டில் ஆயுதம் இறக்கின. ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது, தானியத்துக்கு விலை நிர்ணயித்தார்கள். கம்யூனிஸ்டுகள், கத்தோலிக்கர், எந்தக் கட்சியும் சாராத முன்னாள் சிப்பாய்கள் எல்லோரும் இருந்தார்கள். கத்தோலிக்கத் தளபதியான எர்மான்னோ கொரியேரி பிற்பாடு இந்தக் குடியரசின் வரலாற்றை எழுதினார்.

பெல்லா சாவ் போரின்போதே பாடப்பட்டது என்பதற்கான வாய்மொழிச் சாட்சியங்கள் இந்த மோதெனா, ரெஜ்ஜோ மலைகளிலிருந்தும் தெற்கே அப்ருட்சோ மாநிலத்தின் மயெல்லா என்ற போராளிப் படையிலிருந்தும் வருகின்றன. எண்ணிக்கை அதிகமில்லை. ஆய்வாளர் செஸாரே பெர்மானி பல ஆண்டுகள் இதைத் துருவிப் பார்த்து, போராளிகளின் பொதுக் கீதம் என்று இதைச் சொல்ல முடியாது என்றே முடிவு செய்தார். எங்கள் கணிப்பும் அதுவே. ஆனால் சிலர் பாடினார்கள் என்பதையே மறுத்து, முழுக்கப் போருக்குப் பின் செய்த சரக்கு என்று இன்று சிலர் சொல்வது தவறு.

பக்கத்து ஊர்களைப் பார்க்காமல் இறங்காதீர்கள். 1944 மார்ச் 18 அன்று மோன்கியோ, சுசானோ, கொஸ்த்ரின்யானோ கிராமங்களில் 136 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். போராளிகளுக்குச் சோறு போட்ட மலை என்பதுதான் குற்றம். போராளிகளுக்கு ஆக்கிரமிப்பாளர் வைத்த பெயர் ‘கொள்ளையர்’. கொள்ளையனுக்குப் போர்க்கைதியின் உரிமை கிடையாது, இறந்தால் சிப்பாய்க்குரிய அடக்கமும் கிடையாது.

ஐந்தாம் நாள்: பொலோன்யா

நெப்தூனோ சதுக்கத்தில் நகர மாளிகையின் சுவரைப் பாருங்கள். ரயில் நிலையத்திலிருந்து நேர் சாலையில் 20 நிமிட நடை. காரில் வந்தால் நகர மையம் தடை செய்யப்பட்ட போக்குவரத்துப் பகுதி. கேமரா எண்ணைப் படித்து அபராதத்தை வாடகை நிறுவனம் வழியாக மாதங்கள் கழித்து அனுப்பும். வெளியே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது.

1944இல் இந்தச் சுவரருகே போராளிகளைப் பகிரங்கமாகச் சுட்டுக் கொன்று, உடல்களைப் பார்வைக்குப் போட்டுவைத்தார்கள். ‘போராளிகளின் சிற்றுண்டி நிலையம்’ என்று ஏளனமாக ஒரு பலகையும் மாட்டினார்கள். இது பொலோன்யாவில் மட்டும் நடந்ததல்ல. 1944 ஆகஸ்ட் 10 அன்று மிலானின் லொரேத்தோ சதுக்கத்தில் 15 பேரைச் சுட்டு, ஆகஸ்ட் வெயிலில் நாள் முழுக்கக் கிடத்தினார்கள். குடும்பத்தினரை நெருங்க விடவில்லை. செப்டம்பர் 26 அன்று பஸ்ஸானோ தெல் கிராப்பாவில் சாலையோர மரங்களில் 31 பேரைத் தூக்கிலிட்டார்கள். உடலை எடுக்க விடாமல் வைப்பது தண்டனையின் இரண்டாம் பகுதி. ஊர் அதைக் கடந்து கடைக்கும் வேலைக்கும் போக வேண்டும் என்பதே நோக்கம்.

இதை மனத்தில் வைத்து வரிகளுக்குத் திரும்புங்கள். ‘நான் போராளியாகச் செத்தால் நீ என்னைப் புதைக்க வேண்டும்’ என்று கேட்பவன், சதுக்கத்தில் என்னைக் கிடக்க விடாதே என்கிறான். ‘மலைமேல்’ என்பது எதிரி அன்றாடம் வர முடியாத இடம்; அங்கே கொண்டுபோனால்தான் உடல் தோழர்களின் பொறுப்பில் இருக்கும். அதற்கு நான்கு பேராவது உடலைச் சுமக்க வேண்டும், சுமந்தவர்களும் பிடிபடலாம். ‘கடந்து போகிறவர்கள் என்ன அழகான பூ என்பார்கள்’ என்ற வரி, பயமுறுத்துவதற்காகச் சதுக்கத்தில் கிடத்தப்பட்ட உடலைக் கடந்துபோன அதே மக்களுக்கு வேறொரு காட்சியைக் கொடுக்கிறது. துள்ளல் தாளத்தில் இந்தப் பொருள்தான் காணாமல் போயிற்று. ஒருமுறையாவது மெதுவாக, கைதட்டாமல் பாடிப் பாருங்கள்.

1945 ஏப்ரல் 21 அன்று நகரம் விடுதலையானதும், பெண்கள் இதே சுவரில் தங்கள் மகன்கள், கணவன்மார், சகோதரர்களின் புகைப்படங்களை ஒட்டிப் பூ வைக்கத் தொடங்கினார்கள். யாரும் திட்டமிடவில்லை. பிறகு நகராட்சி அவற்றைப் பீங்கான் வில்லைகளில் பதித்து நிலையாக்கியது. பொலோன்யா மாவட்டத்தில் இறந்த போராளிகள் 2,059 பேர், அவர்களில் 128 பேர் பெண்கள் என்று சுவர் சொல்கிறது. நகரின் செர்த்தோசா கல்லறைத் தோட்டத்தில் கட்டடக் கலைஞர் பியேரோ பொத்தோனி வடிவமைத்த நினைவிடம் (1959) இருக்கிறது, போராளிகளின் எலும்புகளை வைத்திருக்கும் இடம். வட்டமான நிலத்தடி அறை, மேலே திறந்த வானம். கல்லறைத் தோட்டம் மாலையில் சீக்கிரமே மூடும், அதனால் காலையில் அங்கே போய்விட்டு மாலையில் சுவருக்கு வாருங்கள்.

இவ்வளவு பாடப்பட்ட ஃபிஸ்கியா இல் வென்தோ ஏன் பின்வாங்கியது? அதில் ‘சிவப்பு வசந்தம்’ இருக்கிறது, மெட்டு ரஷ்யாவுடையது. பனிப்போர் காலத்தில் கத்தோலிக்கரும் தாராளவாதிகளும் சேர்ந்து பாட அது சரிப்படவில்லை. அதில் வரும் சிவப்புக் கொடியின் நிறத்தை மாற்றிப் பாடிய வடிவங்கள் போர்க்காலத்திலேயே இருந்தன. பெல்லா சாவில் கட்சி இல்லை, பாசிசம் என்ற சொல் கூட இல்லை, ‘ஆக்கிரமிப்பாளன்’ மட்டுமே. 1953இல் ஒரு நாட்டார் வழக்காற்றியல் இதழில் அதன் வரிகள் அச்சேறின. 1964இல் ஸ்பொலேத்தோ விழாவில் அதன் பெயரிலேயே ஒரு பாட்டு நிகழ்ச்சி அரங்கேறியபோது, முதல் உலகப் போருக்கு எதிரான வேறொரு பாடலைக் கேட்டு அரங்கில் கூச்சல் எழுந்தது; வழக்கு வரை போனது. அந்த அமளியில் பெல்லா சாவ் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாட்டு தேவைப்பட்டது நியாயம்தான். அதற்காக மருத்துவரின் பாட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டது பெரிய இழப்பு.

ஆறாம் நாள்: காசொலி, தரான்தா பெலின்யா

பொலோன்யாவிலிருந்து அத்ரியாட்டிக் கரை ரயிலில் பெஸ்காரா, அங்கிருந்து மண்டலப் பேருந்தில் மயெல்லா மலையடிவாரம். 1943 இலையுதிர்காலத்தில் ஜெர்மன் படை குஸ்தாவ் அரண் வரிசையை இந்த மலைகளில் அமைத்தது. எதிரிக்குக் குளிர்காலத் தங்குமிடம் கிடைக்கக் கூடாது என்று ஊர்களை வெடிவைத்துத் தகர்த்தது. ஜெஸ்ஸோபலேனாவின் பழைய ஊர் அன்றைய இடிபாடாகவே இன்றும் ஜிப்சம் பாறைமேல் நிற்கிறது. தரை வழுக்கும், பிடிப்புள்ள காலணி வேண்டும்.

1943 டிசம்பர் 5 அன்று காசொலியில் வழக்கறிஞர் எத்தோரே த்ரோயிலோ ஒரு சிறு குழுவோடு பிரிட்டிஷ் படையிடம் ஆயுதம் கேட்டுத் தொடங்கியதுதான் மயெல்லா படை. பிரிட்டிஷ் மேஜர் லயனல் விக்ரம் அவர்களை நம்பி ஆதரித்தார். 1944 பிப்ரவரியில் பித்சோஃபெர்ராத்தோ தாக்குதலில் இறந்தார். பிறகு படை போலந்துப் படைப்பிரிவோடு சேர்ந்து வடக்கே நகர்ந்தது. தங்கள் மாநிலம் விடுதலையான பிறகும் இவர்கள் வீடு திரும்பவில்லை. பொலோன்யாவுக்குள் 1945 ஏப்ரல் 21 அன்று நுழைந்தார்கள், ஆல்ப்ஸ் அடிவாரத்து அசியாகோ வரை போனார்கள். 1945 ஜூலை 15 அன்று பிரிசிகெல்லாவில் படை கலைக்கப்பட்டது. கொடிக்கே போர் வீரத்துக்கான தங்கப் பதக்கம் பெற்ற ஒரே போராளிப் படை இது.

பெல்லா சாவைப் போரின்போது பாடியவர்களில் இவர்களும் உண்டு என்ற சாட்சியத்துக்கு இந்தப் பாதையே வலுச்சேர்க்கிறது. தெற்கிலிருந்து பொலோன்யா இருக்கும் எமிலியா வரை ஊர் ஊராக நடந்த ஒரு படை, பாட்டை ஓரிடத்தில் கற்று இன்னோரிடத்தில் விட்டுப் போவது இயல்பு. எந்தத் திசையில் போயிற்று என்பதை மட்டும் இதை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

படையின் நினைவிடம் தரான்தா பெலின்யாவில், மலைச்சரிவில் இருக்கிறது. இறந்த மயெல்லா போராளிகளில் பலரை வடக்கிலிருந்து கொண்டுவந்து இங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். ஊரிலிருந்து கவலோனே குகை நோக்கிய சாலையில் ஏறினால் வந்துவிடும். ஏற்றம் செங்குத்து, நிழல் குறைவு. கோடையில் காலை பத்து மணிக்கு முன்பே ஏறி இறங்கிவிடுங்கள். லன்ச்சானோவுக்குத் திரும்பும் பேருந்து சில மட்டுமே. கடைசி வண்டியின் நேரத்தை நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள், ஞாயிறன்று அதில் பாதி ஓடாது.